சாய்ஜோவின் எட்டு இருக்கைகள்: ஒரு சாகே ஊரின் நாட்குறிப்பு

வியாழன்

ஹிரோஷிமாவிலிருந்து கிழக்கே செல்லும் சான்யோ தடத்து உள்ளூர் ரயில், செனோ நிலையத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. செனோவுக்கும் ஹாச்சிஹொன்மாத்சுவுக்கும் இடைப்பட்ட இந்த ஏற்றம் ஜப்பானிய ரயில்வேயில் பெயர்பெற்றது. கிழக்கு நோக்கிப் போகும் சரக்கு ரயில்களைத் தள்ளிவிடுவதற்காகப் பின்புறம் தனி எஞ்சின் ஒன்றைப் பூட்டுகிறார்கள். ஏற்றம் முடிந்த பிறகு வரும் ஊர் சாய்ஜோ. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் நிற்கும் சமவெளியில் அமைந்திருப்பதால், முக்கால் மணி நேரப் பயணத்துக்குள்ளாகவே குளிரின் கூர்மை மாறிவிடுகிறது. பிப்ரவரி மாதத்தில் இங்கே வருபவர்கள் அந்தக் குளிரைக் குறைசொல்லக் கூடாது. அரிசியை நொதிக்கவைத்து ஆக்கும் ஜப்பானிய மதுவான சாகேதான் இந்த ஊரின் தொழில். அந்தத் தொழிலே குளிரை நம்பித்தான் நடக்கிறது.

நிலையத்தின் தென்புற வாசலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் செங்கல் புகைபோக்கிகள் தென்படுகின்றன. ஒவ்வொன்றின் மீதும் அந்தந்த ஆலையின் பெயர் வெள்ளை எழுத்தில் நெட்டுக்குத்தாக எழுதப்பட்டிருக்கிறது. நடந்தே சுற்றிவிடக்கூடிய சிறு பரப்புக்குள் ஏழு சாகே ஆலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஹாகுபோதான் 1675இல் தொடங்கப்பட்டது, காமோத்சுரு 1873இல். வெண்சுண்ணச் சுவர்கள், சுவரின் கீழ்ப்பகுதியில் ஓடு பதித்த கட்டங்கள், செம்பழுப்புக் கூரைகள் ஆகியவற்றைப் படம் பிடிக்க வருபவர்களே பகலில் மிகுதி. ஆலை வாசல்களில் தேவதாரு இலைகளை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டின் புதுச் சாகே இறங்கியதும் பச்சையாகக் கட்டுவார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அது பழுப்பாக மாறும். இன்று நான் பார்த்தவை எல்லாம் பச்சை மாறாதவை.

மாலை ஆறு மணிக்கு, பிரதான வீதியிலிருந்து விலகிய ஒரு சந்தில், துணித்திரை தொங்கும் சிறிய மதுக்கூடம் ஒன்றுக்குள் நுழைந்தேன். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எட்டே எட்டு இருக்கைகள் கொண்ட கடைக்கு ஆள் திரட்டிவிடுவது அங்கே தினமும் வந்து அமரும் உள்ளூர்க்காரர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. நீண்ட மரப்பலகை ஒன்று, அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி, ஒரு சிறு அடுப்பு, சுவர் நிறையக் கையால் எழுதிய காகிதச் சீட்டுகள்: கடை இவ்வளவுதான். நடத்துபவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மையார். வாடிக்கையாளர்கள் அவரை ஒகாமி-சான் என்று அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். என் அரைகுறை ஜப்பானியமும், அவருடைய பொறுமையும், இடையிடையே கைப்பேசியின் மொழிபெயர்ப்பும் சேர்ந்து உரையாடலை நடத்தின.

எது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்து, மூன்றிலும் கால்பங்கு அளவே ஊற்றினார். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இது அழகுக்காகச் செய்த வேலை அன்று. நீலக் கோட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சாகேயின் தெளிவையும், வெள்ளைப் பகுதியைப் பார்த்து அதன் நிறத்தையும் மதிப்பிடுவதற்காக அமைந்த கிண்ணம் அது. ஆலைகளிலும் போட்டிகளிலும் பயன்படுவதும் இதே வடிவந்தான்.

மூன்றும் ஒரே ஆலையுடையவை. மூன்றுக்கும் அரிசி ஹிரோஷிமாவுக்கே உரிய ஹத்தான் நிஷிகி. அரிசியைத் தீட்டிய அளவில்தான் வேறுபாடு. முதல் கிண்ணத்துக்கான அரிசியில் 70 விழுக்காட்டை மிச்சம் வைத்துத் தீட்டியிருக்கிறார்கள், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 50. நாம் உண்ணும் வெள்ளை அரிசியில் பத்தில் ஒரு பங்குபோலத்தான் தவிடாகக் கழிகிறது. இங்கோ பாதி மணி தூளாகப் போய்விடுகிறது. அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் மிகுதி, அவை நொதியும்போது கனத்த சுவையைத் தருகின்றன. நடுவிலுள்ள வெண்மையான கரு பெரும்பாலும் மாவுச்சத்து. அறுபதும் அதற்குக் கீழும் தீட்டியதைக் கின்ஜோ என்றும், ஐம்பதும் அதற்குக் கீழும் தீட்டியதைத் தாய்கின்ஜோ என்றும் வகைப்படுத்துகிறார்கள். பெயருக்கு முன்னால் ஜுன்மாய் என்று இருந்தால், வெளியிலிருந்து சாராயம் எதுவும் சேர்க்கவில்லை என்று பொருள். இவ்வளவு நுணுக்கமாகத் தீட்டுவதற்கான வழியும் இந்த ஊர் மண்ணிலேயே பிறந்தது: ஜப்பானில் விசையால் இயங்கும் முதல் அரிசித் தீட்டும் எந்திரத்தைச் சதாகே ரீச்சி 1896இல் இங்கேதான் உருவாக்கினார்.

ஐம்பது விழுக்காட்டுக் கிண்ணத்தில் ஆப்பிளை நினைவூட்டும் மணம் இருந்தது; வாயில் வைத்ததும் மலர்ந்து, விழுங்கியதும் மறைந்தது. அறுபதில் மணம் அடங்கி, சுவை சற்று நீண்டது. எழுபதில்தான் அரிசி தெரிந்தது. விலை ஐம்பதுக்கே அதிகம், புகழும் அதற்கே. ஆனால் தீட்டத் தீட்ட உயர்வு என்னும் எண்ணம் எனக்கு அங்கேயே ஆட்டம் கண்டது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்திராவிட்டால், மணத்துக்கு மயங்கி மூன்றாவதையே சிறந்ததென்று எழுதியிருப்பேன்.

வெள்ளி

காலையில் ஆலைகளின் கிணற்றுநீரைச் சுவைத்துக்கொண்டே நடந்தேன். பல ஆலைகள் தங்கள் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து வாசலுக்கருகே பொதுமக்களுக்காக விட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் குடங்களுக்குப் பதிலாகப் பெரிய பிளாஸ்டிக் கலங்களைக் கொண்டுவந்து நிரப்பிச் செல்கிறார்கள். சாகேயில் எண்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருப்பது தண்ணீர்தான் என்பதால், இந்த நடை பொழுதுபோக்கு ஆகாது. ஓர் ஆலையின் நீர் மென்மையாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்ததில் ஏதோ ஒரு பிடிப்பு இருந்தது.

விடுதியில் காலை உணவுக்கு நாத்தோ சாப்பிட்டீர்களா என்று நேற்றிரவே ஒகாமி-சான் கேட்டிருந்தார்; ஆலைக்குள் போகும் எண்ணமிருந்தால் தொடவேண்டாம் என்பது அவருடைய அறிவுரை. நொதித்த சோயாவான நாத்தோவில் உள்ள நுண்ணுயிர் மிகவும் வலுவானது. அது கோஜி என்னும் பூஞ்சணமேறிய அரிசியை வளர்க்கும் அறைக்குள் நுழைந்தால் வேலை கெட்டுவிடும். சாகேத் தொழிலாளர்கள் பருவகாலம் முழுவதும் அதைத் தவிர்க்கிறார்கள்.

கோஜிதான் இந்த மதுவின் உயிர். ஆவியில் வேகவைத்த அரிசி, புறத்தே விறைப்பாகவும் அகத்தே குழைவாகவும் இருக்கவேண்டும். அதன்மேல் ஆஸ்பர்கில்லஸ் ஒரிசே என்னும் பூஞ்சணத்தின் வித்துகளைத் தூவி, வெப்பமான அறையில் ஏறத்தாழ இரண்டு நாள்கள் கிளறியும் பரப்பியும் வளர்க்கிறார்கள். பூஞ்சணம் மணிக்குள் வேரோடி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைச் சுரக்கிறது. பார்லியில் பீர் செய்பவர்கள் இதே காரியத்துக்குத் தானியத்தை முளைக்கவைக்கிறார்கள். பழந்தமிழரும் அந்த வழியில் சென்றவர்களே: தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, முளையிட்ட நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்த கள்ளைச் சங்கப் பாடல் ஒன்று படிப்படியாக விவரிக்கிறது. தீட்டாத அரிசியில் தொடங்கிய அந்த மதுவையும், பாதியாகத் தீட்டிய அரிசியில் தொடங்கும் இந்த மதுவையும் ஒன்றாக எண்ணிப் பார்க்கும்போது, அரிசி உண்ணும் நமக்கு இது முற்றிலும் அயலான பொருளன்று என்று தோன்றியது.

பீரில் சர்க்கரையாக்குவது ஒரு கட்டம், நொதிக்கவைப்பது அடுத்த கட்டம். சாகேயில் இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. கோஜி சர்க்கரையைச் சிறிது சிறிதாக விடுவிக்க, ஈஸ்ட் அதை அவ்வப்போதே தின்று சாராயமாக மாற்றிக்கொண்டு போகிறது. ஆகவே ஈஸ்ட் திணறாமல் நெடுநாள் உழைத்து, காய்ச்சி வடிக்காமலேயே 20 விழுக்காட்டை நெருங்கும் சாராய அளவை எட்டுகிறது. பிறகு நீர் கலந்து 15, 16க்குக் கொண்டுவருகிறார்கள். அரிசியையும் கோஜியையும் நீரையும் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. நான்கு நாள்களில் மூன்று தவணையாகச் சேர்த்து, இரண்டாம் நாளை ஈஸ்ட் பெருகுவதற்காக ஓய்வாக விட்டுவிடுகிறார்கள். மணமுள்ள கின்ஜோ வேண்டுமென்றால் தொட்டியை ஏறத்தாழ 10 டிகிரியில் வைத்து ஒரு மாதம்போல இழுக்கவேண்டும். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் குளிர்காலம் ஒன்றே இதற்கு வழி. கோஜியைக் கொண்டு மது ஆக்கும் இந்த மரபறிவை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இரவு மீண்டும் அதே பலகை. பக்கத்து இருக்கையில், இளமையில் ஆலையொன்றில் அரிசி வேகவைக்கும் வேலை பார்த்ததாகச் சொன்ன ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். காலையில் சுவைத்த கிணறுகளைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு மணி நேரம் நீரைப் பற்றியே பேச்சு ஓடியது. அந்தப் பேச்சில் நான் பெற்றதை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

ஜப்பானின் மிகப்பெரிய சாகே வட்டாரமான நாதா, கோபே, நிஷினோமியா நகரங்களைச் சார்ந்தது. அங்கே 1840இல் கண்டறியப்பட்ட மியாமிஸு என்னும் ஊற்றுநீர் தாது நிறைந்த கடின நீர். பாஸ்பரசும் பொட்டாசியமும் மிகுதி, சாகேக்குக் கேடான இரும்போ மிகக் குறைவு. அத்தகைய நீரில் கோஜியும் ஈஸ்டும் ஊட்டம் பெற்று விரைந்து வேலை செய்யும். ஹிரோஷிமாப் பகுதியின் நீர் பொதுவாக மென்னீர். அதில் நுண்ணுயிர்களுக்குப் போதிய ஊட்டமில்லை. நொதிப்பு தளர்ந்துபோகும், தளர்ந்த தொட்டியில் வேண்டாத நுண்ணுயிர் புகுந்து மது கெடும். சாய்ஜோவின் கிணறுகள் இந்த வகையில் சற்று நல்லூழ் பெற்றவை. கடற்கரையிலுள்ள அகித்சு போன்ற ஊர்களுக்கு அதுகூட இல்லை.

அந்த அகித்சுவில் 1847இல் பிறந்த மியூரா சென்சாபுரோ, 1876இல் மதுத்தொழிலில் இறங்கி, ஆண்டுதோறும் கெட்டுப்போகும் தொட்டிகளைப் பார்த்து நொந்தார். நாதாவின் முறையைக் கற்றுவந்து அப்படியே செய்தும் பயனில்லை. குறை கைவினையில் இல்லை, நீரில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்ட பிறகு செய்ததுதான் வியப்புக்குரியது: நீரை மாற்ற முயலாமல், நீருக்கேற்ப முறையை மாற்றினார். பூஞ்சணத்தை மணியின் உட்புறம்வரை ஆழமாக வேரோடவிட்டு வலுவான கோஜி ஆக்கினார். தொட்டியைத் தாழ்ந்த வெப்பநிலையில் வைத்து, அவசரமின்றி நொதிக்கவிட்டார். 1898இல் அந்த முறையை நூலாக்கி, மறைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். 1907இல் நடந்த முதல் தேசியச் சாகேப் போட்டியில், நாதாவையும், கியோத்தோவின் சாகே வட்டாரமான ஃபுஷிமியையும் எதிர்பார்த்திருந்தவர்கள் திகைக்கும்படி ஹிரோஷிமாவின் சாகே முன்னிடங்களைப் பிடித்தது. இன்று உலகெங்கும் விரும்பப்படும் கின்ஜோவின் நறுமணம், மெதுவான குளிர் நொதிப்பில் பிறப்பது. அதன் வேர்களில் ஒன்று வலுவற்ற நீரோடு அந்த மனிதர் நடத்திய போராட்டம்.

இவ்வளவையும் ஓர் அருங்காட்சியகப் பலகையில் எழுதிவைத்திருந்தால் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். முதியவர் பேசப் பேச, ஒகாமி-சான் அந்தந்த இடத்தில் அதற்குரிய புட்டியை எடுத்து விரற்கடை அளவு ஊற்றினார். கடின நீரில் ஆன நாதா சாகே ஒன்று நிமிர்ந்து, வறண்டு, சட்டென்று முடிந்தது; அகித்சுவின் சாகே உருண்டு வந்து, நாவின் ஓரங்களில் தங்கியது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதில் மட்டும் அவர் கண்டிப்பானவர்.

சனி

மலையிறங்கி அகித்சுவுக்குப் போய்வந்தேன். சிறிய துறைமுக ஊர். உள்கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பங்கள், மியூராவின் சிலை, ஆளரவமற்ற தெருக்கள். பார்ப்பதற்கு இவ்வளவே. ஆனால் பருவந்தோறும் இங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் மதுத்தலைவர்களாகப் பணியாற்றியவர்களால் இவ்வூரின் பெயர் தொழில்வட்டாரத்தில் நிலைத்திருக்கிறது. அப்படித் தலைமை தாங்குபவரைத் தோஜி என்கிறார்கள். நெடுங்காலம் பெண்கள் ஆலைக்குள் நுழைவதே தடுக்கப்பட்டிருந்த இந்தத் தொழிலில், இங்குள்ள இமாதா ஆலையின் தோஜியும் தலைவருமாக இருப்பவர் இமாதா மிஹோ. 2020ஆம் ஆண்டுக்கான பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பயிரிடுவார் இன்றி மறைந்துபோயிருந்த ஹத்தான்சோ என்னும் பழைய நெல்லை மீட்டெடுத்ததும் அவரே. உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும் பயிர், கல்போலக் கடினமான மணி என்று உழவரும் ஆலைக்காரரும் ஒருசேர ஒதுக்கிய நெல் அது.

மாலையில் அந்த நெல்லில் ஆன சாகேயை ஒகாமி-சானிடம் கேட்டு வாங்கினேன். முதலில் மூடிக்கொண்டிருந்த சுவை, கிண்ணத்தில் பத்து நிமிடம் இருந்த பிறகே திறந்தது. ஒரு மெல்லிய துவர்ப்பு அடியில் ஓடியது. வேகவைத்த சிப்பியோடு அதைப் பருகியபோது, சிப்பியின் உப்பும் சாகேயின் துவர்ப்பும் ஒன்றையொன்று தாங்கின. மற்றவற்றைவிட இது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னதும், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளை வாருங்கள், சூடாக்கித் தருகிறேன் என்றார்.

ஞாயிறு

சாகே என்றால் சூடாகக் குடிப்பது என்றே வெளிநாடுகளில் பலர் நினைத்தார்கள். பிறகு நல்ல சாகேயைக் குளிரவைத்துத்தான் குடிக்கவேண்டும், மட்டமானதை மறைக்கவே சூடாக்குகிறார்கள் என்று ஒரு மறுப்புக் கிளம்பியது. இரண்டுமே பாதி உண்மை. 5 டிகிரியில் தொடங்கி 55 வரை, ஏறத்தாழ ஐந்தைந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் மக்கள், வெப்பத்தையும் ஒரு சுவைப்பொருளாகவே கருதுகிறார்கள் என்பது வெளிப்படை.

ஒகாமி-சான் சூடாக்கும் விதம் அவசரமற்றது. கழுத்து ஒடுங்கிய சிறு குடுவையில் சாகேயை நிரப்பி, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் தோள்வரை அமிழ்த்திவைக்கிறார். கொதிக்கும் நீரில் வைப்பதில்லை. வெப்பமானி அருகில் கிடந்தாலும், குடுவையின் அடியைக் கையால் தொட்டுத்தான் முடிவு செய்கிறார். முதலில் நாற்பதில் ஒன்று, பிறகு ஐம்பதில் ஒன்று. நாற்பதில் துவர்ப்பு கரைந்து, அரிசியின் இனிமை மேலெழுந்தது. வடித்த சோற்றுப் பானையைத் திறந்ததும் வரும் ஆவியின் மணம் அது. ஐம்பதில் இனிமை ஒடுங்கி, சுவை வறண்டு கூர்மையாயிற்று. ஆப்பிள் மணத் தாய்கின்ஜோவையும் நாற்பதில் சூடாக்கிக் காட்டும்படி கேட்டேன். அவர் தயங்கினார், ஆயினும் ஒரு மிடறு அளவுக்குச் செய்து கொடுத்தார். மணம் எங்கோ போய், சாராயத்தின் காரம் மட்டும் எஞ்சியது. ஏன் தயங்கினார் என்பது விளங்கியது.

சாப்பிடுவதற்குப் பிஷுநபே கொடுத்தார். கோழி, பன்றி இறைச்சி, ஈரல், காய்கறி ஆகியவற்றை வாணலியில் வதக்கி, உப்பும் மிளகும் சாகேயும் மட்டுமே சேர்த்து வேகவைக்கும் உணவு; ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. சோயா சாறு போன்ற அழுத்தமான சுவைகள் சேர்ந்தால் அவர்களின் நாக்கு மறுநாள் சாகேயைச் சோதிக்க உதவாது என்பதால் இந்தச் சிக்கனம். சாராயம் கொதியில் பறந்துவிடுவதால், குடிக்காதவர்களும் சுவையை மட்டும் அறிய இது ஒரு வழி. முதன்முறை சாய்ஜோ வருபவர்கள் பெரிய ஆலைகளின் காட்சியறைகளில், தங்கத்தூள் மிதக்கும் புட்டிகளுக்கு முன்னால் நேரத்தைச் செலவிடுவதை விட்டு, இப்படி ஓர் உணவுக்கு அரைநாளை ஒதுக்கலாம் என்பது என் எண்ணம். தங்கத்துக்குச் சுவையில்லை.

ஊருக்கு எடுத்துச்செல்ல எதை வாங்குவது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. இந்தப் பருவத்தில் இங்கே மிகச் சிறந்தது, இப்போதுதான் பிழிந்த, சூடுகாட்டாத பச்சைச் சாகே. வழக்கமான சாகேயை 60 முதல் 65 டிகிரிவரை சூடுகாட்டி நுண்ணுயிர்களையும் நொதிகளையும் அடக்கிவிடுகிறார்கள்; பச்சைச் சாகேக்கு அந்தக் காப்பு இல்லாததால் குளிர்பெட்டியை விட்டு வெளியேறினால் சில நாள்களிலேயே சுவை திரிந்துவிடும். விமானப் பயணத்துக்கும் சென்னை வெயிலுக்கும் அது தாங்காது. அதை இங்கேயே குடித்துவிட்டுப் போவதுதான் முறை. இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம் என்பதால், 720 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டு கணக்குக்குள் அடங்கும். சூடுகாட்டிய ஹத்தான்சோ ஒன்றும், எழுபது விழுக்காட்டு ஜுன்மாய் ஒன்றும் வாங்கினேன். வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும், திறந்த பிறகு ஓரிரு வாரங்களுக்குள் முடித்துவிடவேண்டும், ஒயினைப்போல ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம் என்று எண்ணவே கூடாது என்று ஒகாமி-சான் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

நாளைக் காலை ஹிகாஷி ஹிரோஷிமா நிலையத்தில் கொதாமா ரயிலேறிக் கோபே செல்கிறேன். நாதாவின் கடின நீரை அதன் ஊற்றுக்கு அருகிலேயே பார்த்துவிட்டு, அதில் ஆன சாகேயைச் சூடாகவும் குளிராகவும் சுவைத்து அடுத்த குறிப்பை எழுதுகிறேன்.